32,000 கிலோமீட்டர் ஓடிய மோட்டார் சைக்கிளுக்கு எந்த எஞ்சின் ஆயில்?

கேட்கப்பட்ட கேள்வி இது. காற்றால் குளிரும் 150 சி.சி. எஞ்சின் கொண்ட கியர் வண்டி 32,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதன் கையேட்டில் 10டபிள்யூ-30, ஜாசோ எம்.ஏ. என்று ஆயிலின் கெட்டித்தன்மை எண்ணும் தரக்குறியும் அச்சிடப்பட்டிருக்கின்றன. வண்டி பழையதாகிவிட்டதால் இனி 20டபிள்யூ-50 ஊற்றினால்தான் எஞ்சின் சத்தம் அடங்கும் என்கிறார் மெக்கானிக். காருக்கு வாங்கி மீந்துபோன முழு சிந்தெடிக் ஆயில் வீட்டிலேயே இருக்கிறது, விலை உயர்ந்த அதை ஊற்றலாமே என்கிறார் நண்பர். இருவரில் யார் சொல்வது சரி, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், டப்பாவில் மிச்சமாகும் ஆயிலை என்ன செய்வது?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையேடு சொல்லும் 10டபிள்யூ-30, எம்.ஏ. ஆயிலையே ஊற்றுங்கள், வெயில் கடுமையான இடத்தில் ஓட்டுபவராக இருந்து, கையேட்டின் வெப்பநிலை அட்டவணையும் அனுமதித்தால் 10டபிள்யூ-40 வரை போகலாம். மெக்கானிக்கின் யோசனை உடனடியாக எஞ்சினைக் கெடுத்துவிடாது. ஆனால் அது நோயை விட்டுவிட்டு முனகலை அடக்கும் வைத்தியம். நண்பரின் யோசனைதான் இரண்டிலும் ஆபத்தானது. ஏன் என்று புரிய வேண்டுமானால், மோட்டார் சைக்கிளில் ஆயில் எங்கெல்லாம் போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காரில் எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறோர் ஆயில். பெரும்பாலான கார்களில் கிளட்ச் உலர்ந்தே இயங்கும். இன்றைய கியர் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் இந்த மூன்றும் ஒரே கூட்டுக்குள், ஒரே ஆயிலில் நனைந்தபடி இயங்குகின்றன. ஒரு லிட்டரைச் சற்றே தொடும் அந்த ஆயில், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே வழுக்கலைத் தர வேண்டும்; கியர் பற்களின் நசுக்கலைத் தாங்க வேண்டும்; கிளட்ச் தட்டுகளுக்கு இடையே மட்டும் வழுக்கலை உண்டாக்காமல் இருக்க வேண்டும். ஒரே திரவத்திடம் நாம் கேட்கும் இந்த வேலைகள் ஒன்றுக்கொன்று முரணானவை. அதற்கும் மேலாக, நெடுஞ்சாலையில் கார் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 அல்லது 2,500 சுற்றுகளில் நிதானமாக ஓடும்போது, உங்கள் சிறிய எஞ்சின் 6,000 சுற்றுகளில் உழைத்துக்கொண்டிருக்கும். காரில் மூன்று, நான்கு லிட்டர் ஆயில் பகிர்ந்துகொள்ளும் சூட்டை இங்கே ஒரு லிட்டர் சுமக்கிறது.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. பி.எம்.டபிள்யூ.வின் பாக்ஸர் எஞ்சின் வண்டிகளில் 2013-இல் நீர்க்குளிர்ச்சி எஞ்சின் வரும்வரை கிளட்ச் உலர்ந்தே இருந்தது. ஹார்லி டேவிட்சனின் பெரிய வண்டிகளில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கிளட்ச் இருக்கும் பிரைமரிக்கும் தனித்தனி அறைகள் உள்ளன. பெல்ட்டில் ஓடும் கியர் இல்லாத ஸ்கூட்டர்களிலும் கிளட்ச் ஆயிலுக்கு வெளியேதான் இருக்கிறது. பின்சக்கரத்தருகே உள்ள சிறிய கியர் பெட்டிக்குத் தனியாக ஆயில் ஊற்ற வேண்டும், பலர் அதை வருடக்கணக்கில் மறந்தே போகிறார்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பெட்ரோலோடு கலந்து எரிந்துபோகும் ஆயில் முற்றிலும் வேறு இனம், அதற்கு எஃப்.பி., எஃப்.சி., எஃப்.டி. என்று வேறு தரவரிசை இருக்கிறது. கீழே சொல்லப்போவது, எஞ்சினும் கியரும் கிளட்ச்சும் ஒரே ஆயிலில் நனையும் ஃபோர் ஸ்ட்ரோக் கியர் வண்டிக்கானது.

டப்பாவைக் கையில் எடுத்ததும் நம் கண் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயருக்குப் போகிறது, பிறகு சிந்தெடிக் என்ற சொல்லுக்கு, அதன்பிறகே எண்களுக்கு. நான் முதலில் தேடச் சொல்வது, பெரும்பாலும் பின்புறத்தில் சிறிதாக இருக்கும் ஜாசோ என்ற குறியைத்தான். அது ஜப்பானிய வாகனத் தர அமைப்பின் குறி. ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கான டி 903 என்ற தரத்தை அந்த அமைப்பு 1998-இல் வெளியிட்டது. அதற்கு முன் கார் ஆயிலும் மோட்டார் சைக்கிள் ஆயிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன, யாருக்கும் பெரிய தொல்லை இல்லை. எரிபொருள் சிக்கனம் கட்டாயமாகத் தொடங்கியபோது, கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருள்களைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். காருக்கு அது நல்லது. அதே ஆயிலில் ஊறும் மோட்டார் சைக்கிள் கிளட்ச்சோ வழுக்கத் தொடங்கியது. கிளட்ச் என்பதே உராய்வை நம்பி வாழும் உறுப்பு. உராய்வுத் தட்டும் எஃகுத் தட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டால்தான் எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேரும்.

எனவே இந்தத் தரத்தில், ஒரு சோதனை எந்திரத்தில் உண்மையான கிளட்ச் தட்டுகளை அந்த ஆயிலில் நனைத்து, மூன்று அளவுகளை எடுக்கிறார்கள். தட்டுகள் சுழன்றுகொண்டே கவ்வும்போது உள்ள உராய்வு, கவ்வி நின்றபின் இழுத்தால் தாங்கும் உராய்வு, சுழற்சி நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஆகியவை அவை. உராய்வு போதிய அளவு இருந்தால் எம்.ஏ.; அதற்குக் குறைந்தால் எம்.பி. 2006-இல் எம்.ஏ.-வை மேலும் பிரித்து, உராய்வு மிகுந்ததற்கு எம்.ஏ.2 என்றும், குறைந்ததற்கு எம்.ஏ.1 என்றும் பெயரிட்டார்கள். மூன்று அளவுகளும் முழுமையாக ஒரே பிரிவுக்குள் அடங்காத ஆயில், வெறும் எம்.ஏ. என்று அழைக்கப்படும். ஆகவே உங்கள் கையேடு எம்.ஏ. என்று சொல்லும்போது எம்.ஏ.2 போட்ட ஆயிலை ஊற்றுவதில் தயக்கம் வேண்டாம். கையேடு எம்.ஏ.2 என்று குறிப்பிட்டிருந்தால் மட்டும் எம்.ஏ.1-க்கு இறங்காதீர்கள். எம்.பி. பெரும்பாலும் ஸ்கூட்டருக்கானது. ஆனாலும் எம்.பி. ஆயிலுக்கு ஏற்றபடி கிளட்ச் அமைக்கப்பட்ட கியர் வண்டிகளும் உண்டு. அவற்றின் கையேடே அப்படிச் சொல்லியிருக்கும். பதிவு செய்யப்பட்ட ஆயிலின் டப்பாவில் இந்தக் குறி ஒரு கட்டத்துக்குள் பதிவு எண்ணோடு இருக்கும். கட்டமோ எண்ணோ இல்லாமல், ஜாசோ தரத்துக்கு ஏற்றது என்று வரி மட்டும் எழுதியிருந்தால், அதை விற்பவரின் வாக்குமூலம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நண்பரின் கார் ஆயிலுக்கு வருவோம். அது விலையுயர்ந்தது, ஏ.பி.ஐ. எனும் அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் புதிய தரம் கொண்டது என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். காருக்காக அது எவ்வளவு கச்சிதமாகத் தயாரிக்கப்பட்டிருக்கிறதோ, அவ்வளவுக்கு உங்கள் கிளட்ச்சுக்குப் பொருந்தாமல் போக வாய்ப்பு உண்டு. ஏ.பி.ஐ.-யின் வட்ட முத்திரையின் கீழ்ப்பகுதியில் எரிசக்திச் சிக்கனத்தைக் குறிக்கும் ரிசோர்ஸ் கன்சர்விங் என்ற சொற்கள் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கார் ஆயில்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. எல்லாக் கார் ஆயிலும் கிளட்ச்சை வழுக்கச் செய்துவிடும் என்று சொல்ல மாட்டேன்; 15டபிள்யூ-40 போன்ற கெட்டியான ஆயில்களை மோட்டார் சைக்கிளில் ஊற்றிப் பிரச்சினையின்றி ஓட்டியவர்கள் ஏராளம். ஆனால் கிளட்ச்சில் சோதித்துப் பார்க்கப்படாத ஆயிலை உங்கள் கிளட்ச்சில் நீங்களே சோதிக்க வேண்டிய அவசியம் என்ன?

ஒருவேளை ஏற்கெனவே ஊற்றிவிட்டிருந்தால், அறிகுறி இப்படித் தெரியும்: மேல் கியரில் மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரைத் திருகினால் எஞ்சினின் சுழற்சி மட்டும் எகிறும், வேகம் அதற்கேற்பக் கூடாது. முதலில் கிளட்ச் லீவரில் சிறிதளவு தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள்; கேபிள் இழுபட்டு இறுகிப்போயிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும், அதற்கு ஆயில் பொறுப்பாகாது. கேபிள் சரியாக இருந்தும் வழுக்கினால், ஆயிலை வடித்துவிட்டு எம்.ஏ. ஆயிலை ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதையும் ஒரு முறை மாற்றுங்கள். தட்டுகளில் ஊறிய பழைய ஆயில் கழுவப்பட்டு, பல வண்டிகளில் பிடிப்பு திரும்பிவிடும். வழுக்கலைப் பொருட்படுத்தாமல் வெகுநாள் ஓட்டித் தட்டுகள் கருகிவிட்டால் மட்டும் அவற்றை மாற்றியாக வேண்டும். நானும் இளவயதில் ஒரு முறை கடைக்காரர் கொடுத்ததை டப்பாவைப் படிக்காமல் ஊற்றி, இந்தப் பாடத்தைத் தட்டுகளின் விலை கொடுத்துக் கற்றிருக்கிறேன்.

அடுத்து, எல்லாரும் வாதாடும் எண்கள். 10டபிள்யூ-30 என்பதில் உள்ள டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. எஸ்.ஏ.இ. எனும் வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே300 என்ற தரம் இந்த எண்களின் பொருளை வரையறுக்கிறது. 10டபிள்யூ என்றால், மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் எஞ்சின் சுழலத் தடையில்லாத அளவுக்கும், மைனஸ் 30 டிகிரியில் பம்ப் இழுக்கக்கூடிய அளவுக்கும் ஆயில் இளகியிருக்க வேண்டும். 20டபிள்யூ-வுக்கு அதே சோதனைகள் மைனஸ் 15-இலும் மைனஸ் 20-இலும் நடக்கும். இரண்டாவது எண், 100 டிகிரியில் ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதைச் சொல்கிறது: 30 என்றால் அதை அளக்கும் அலகான சென்டிஸ்டோக்ஸில் 9.3 முதல் 12.5-க்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9-க்குள்.

இங்கே ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. குளிரில் 10 போல் மெல்லியதாக இருந்து, சூடானதும் 30 போல் கெட்டியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எந்த ஆயிலும் சூடேறினால் இளகத்தான் செய்யும், எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தவருக்கு இது தெரியும். வழக்கமான ஒரு 10டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் ஏறத்தாழ 70 சென்டிஸ்டோக்ஸ் இருந்து, 100 டிகிரியில் பத்து, பதினொன்றுக்கு இறங்குகிறது. 20டபிள்யூ-50 ஆயில் 40 டிகிரியில் சுமார் 160-இல் தொடங்கி, 100 டிகிரியில் பதினெட்டை ஒட்டி நிற்கிறது.

இந்த எண்களை வைத்தே மெக்கானிக்கின் யோசனையை எடைபோடலாம். பனிவிழும் நாடுகளுக்குத்தான் டபிள்யூ எண் முக்கியம், நமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. வெப்பமான காலையில்கூட எஞ்சினைக் கிளப்பும்போது அதற்குள் இருக்கும் ஆயில் 100 டிகிரியில் இல்லை, 30 டிகிரியில் இருக்கிறது. அந்த நேரத்தில் 20டபிள்யூ-50 உங்கள் எஞ்சினுக்காக வரையறுக்கப்பட்ட ஆயிலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும். கீழே தேங்கியிருக்கும் ஆயில் மேலே வால்வுகளை இயக்கும் கேமையும் ராக்கரையும் எட்ட அதிக நேரம் பிடிக்கும். எஞ்சினின் தேய்மானத்தில் கணிசமான பங்கு கிளப்பிய முதல் சில நொடிகளிலும், சூடேறும் வரையிலான ஓட்டத்திலும்தான் நிகழ்கிறது. மெல்லிய ஆயிலுக்கென்றே அமைக்கப்பட்ட எஞ்சினில் பம்பின் கொள்ளளவும் ஆயில் துளைகளின் குறுக்களவும் அதற்கேற்றபடிதான் இருக்கும். கெட்டியான ஆயிலைத் தள்ளுவதற்குச் சக்தியும் அதிகம் செலவாகும், அது மைலேஜில் தெரியும்.

அப்படியானால் சத்தம் அடங்குவது பொய்யா? அடங்கும். தேய்ந்த பாகங்களுக்கு இடையே கெட்டியான ஆயில் மெத்தைபோல் நின்று தட்டலை மழுக்கும். அதனால்தான் மெக்கானிக்குக்கும் அதில் நம்பிக்கை, வண்டிக்காரருக்கும் திருப்தி. ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்க வேண்டும். வால்வைத் தட்டும் டாப்பெட்டின் இடைவெளி கூடியிருந்தால் அதைச் சரிசெய்யக் கால் மணி நேரம் போதும். கேமைச் சுழற்றும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்க வேண்டும். 32,000 கிலோமீட்டரில் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட 150 சி.சி. எஞ்சினுக்கு இது கிழவயது அல்ல. வண்டி ஆயில் குடிக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியைக் கிளப்பியதும் ஒரு கொத்து நீலப்புகை வந்து பிறகு நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. வேகமெடுக்கும்போதெல்லாம் தொடர்ந்து நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தின் அளவை எடுத்துவிட்டு, சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் எடுத்தால், அளவு நன்றாக ஏறுமானால் ரிங் தேய்ந்தது உறுதி. அப்படித் தேய்ந்துபோன எஞ்சினைப் பிரிப்பதற்குப் பணமோ நேரமோ கூடும்வரை, ஒரு படி கெட்டியான ஆயிலில் ஓட்டுவது நியாயமான தற்காலிக ஏற்பாடுதான். அதைக்கூட 30-இலிருந்து 40-க்கு ஏற்றிப் பார்த்துவிட்டுச் செய்யலாம், ஒரேயடியாக 50-க்குத் தாவ வேண்டியதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. காற்றால் குளிரும் எஞ்சினில் ஆயிலின் சூடு வெளிவெப்பத்தையும் ஓட்டும் விதத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். கோடை வெயிலில், நெரிசலில் நின்று நின்று நகரும்போது அது 120 டிகிரியை எட்டுவதும் உண்டு. நீரால் குளிரும் எஞ்சினில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. பல கையேடுகளில் வெளிவெப்பநிலையைக் கோடாகப் போட்டு, எந்த எல்லைக்குள் எந்தத் தரம் பொருந்தும் என்று பட்டைகளால் காட்டும் ஓர் அட்டவணை இருக்கும். முதல் வரியில் 10டபிள்யூ-30 என்று மட்டும் படித்துவிட்டு அந்த அட்டவணையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கோடையில் நெடுந்தூரம் போகிறவர், பின்னால் ஆளும் மூட்டையும் ஏற்றுகிறவர், அந்த அட்டவணை அனுமதித்தால் 10டபிள்யூ-40-ஐத் தாராளமாக எடுக்கலாம்.

கெட்டித்தன்மையைப் பற்றிப் பேசும்போது கியர்பாக்ஸை மறந்துவிடக் கூடாது. ஒரே ஆயில் குளிரிலும் சூட்டிலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அதில் நீண்ட சங்கிலி வடிவ பாலிமர்களைச் சேர்க்கிறார்கள். கியர் பற்கள் ஒன்றையொன்று நசுக்கும்போது அந்தச் சங்கிலிகள் அறுபடுகின்றன, அறுபட்டவை ஒட்டுவதில்லை. 40 என்று ஊற்றிய ஆயில் சில ஆயிரம் கிலோமீட்டரில் 30-இன் எல்லைக்குள் இறங்கிவிடக்கூடும். காரின் எஞ்சின் ஆயிலுக்கு இந்தச் சித்திரவதை பெரும்பாலும் இல்லை. ஜாசோவின் தரத்தில் இந்த நசுக்கலுக்குப் பிறகு பாகுத்தன்மை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதும் சோதிக்கப்படுகிறது என்பது, அந்தக் குறியை முதலில் தேடச் சொன்னதற்கு இன்னொரு காரணம். ஓட்டுபவருக்கும் இது காலில் தெரியும்: புதிய ஆயிலில் வெண்ணெயாக விழுந்த கியர், மெல்ல மெல்ல முரட்டுத்தனமாக, கட் கட் என்று விழத் தொடங்கும், சிக்னலில் நியூட்ரலைப் பிடிக்கக் கால் தேட வேண்டியிருக்கும். ஆயிலின் நிறத்தைவிட இந்த அறிகுறியை நான் அதிகம் நம்புகிறேன். ஆயில் கறுப்பது, அதிலுள்ள சுத்திகரிப்புப் பொருள்கள் கரியைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதைத்தான் காட்டுகிறது. அதே சமயம், டிப்ஸ்டிக்கில் பால் கலந்த தேநீர்போல வெளிறிய குழம்பு தெரிந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள், உடனே மாற்றிவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

ஏ.பி.ஐ. தரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். எஸ் என்று தொடங்கும் இரண்டெழுத்துகளில் இரண்டாவது எழுத்து முன்னேற முன்னேற தரம் புதியது: எஸ்.எல். 2001-இலும், எஸ்.என். 2010-இலும், எஸ்.பி. 2020-இலும் வந்தவை. கையேடு சொல்வதற்குச் சமமானதோ புதியதோ போதும். புதியதெல்லாம் மோட்டார் சைக்கிளுக்கு மேலும் நல்லது என்று மட்டும் எண்ண வேண்டாம். தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம் கார்களின் புகைச் சுத்திகரிப்பானைப் பாதிக்கிறது என்பதால், மெல்லிய கார் ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஏ.பி.ஐ. கட்டுப்படுத்தியது. ஜாசோவின் மோட்டார் சைக்கிள் தரமோ, 0.08-க்குக் குறையக் கூடாது, 0.12-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. ஒன்றுக்கு உச்சவரம்பாக உள்ள எண் மற்றொன்றுக்குக் குறைந்தபட்சமாக இருப்பதைக் கவனித்தால், இரண்டு ஆயில்களின் பாதைகளும் எப்படிப் பிரிந்துவிட்டன என்பது விளங்கும்.

கச்சா எண்ணெயிலிருந்து வடிக்கும் மினரல், அதோடு சிந்தெடிக் கலந்த செமி சிந்தெடிக், முழு சிந்தெடிக் என்ற பாகுபாட்டுக்கு மக்கள் கொடுக்கும் இடம் அதன் தகுதிக்கு மேற்பட்டது என்பது என் கருத்து. முழு சிந்தெடிக் ஆயில் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், குறைவாக ஆவியாகும், குளிரில் எளிதாக ஓடும், பாலிமர்களை அதிகம் நம்பாமலேயே பாகுத்தன்மையைக் காப்பாற்றிக்கொள்ளும், இவையெல்லாம் உண்மை. ஆனால் அந்தச் சொல்லின் எல்லையே வழுக்கலானது. கச்சா எண்ணெயிலிருந்து ஹைட்ரஜன் கொண்டு ஆழமாகச் சுத்திகரிக்கப்படும் மூன்றாம் தொகுதி எனப்படும் அடிப்படை எண்ணெயை சிந்தெடிக் என்று அழைக்கலாமா என்று மொபில், காஸ்ட்ரால் கம்பெனிகளுக்கிடையே அமெரிக்காவில் எழுந்த விளம்பரச் சர்ச்சையில், 1999-இல் அழைக்கலாம் என்றே முடிவானது. அதன்பிறகு, வேதிமுறையில் கட்டப்படும் பி.ஏ.ஓ., எஸ்டர் எண்ணெய்களும் இதுவும் பல நாடுகளில் ஒரே பெயரில் விற்கின்றன. செமி சிந்தெடிக் என்பதில் சிந்தெடிக் எத்தனை பங்கு என்பதை டப்பா பெரும்பாலும் சொல்வதில்லை. எனவே உங்கள் 150 சி.சி. வண்டிக்கு, சரியான தரக்குறிகள் கொண்ட மினரல் அல்லது செமி சிந்தெடிக் ஆயிலைக் காலத்தில் மாற்றுவது, முழு சிந்தெடிக்கை ஊற்றிவிட்டு அந்தத் தைரியத்தில் இருமடங்கு தூரம் ஓட்டுவதைவிட மேலானது. அதிக சுழற்சியில் உழைக்கும் பெரிய வண்டிக்கும், கடுங்கோடையில் நெடுந்தூரம் போகிறவருக்கும் முழு சிந்தெடிக் அதன் விலைக்குத் தகுதியானதுதான்.

மாற்ற வேண்டிய தூரத்தைக் கையேடுதான் சொல்ல வேண்டும். வண்டிக்கு வண்டி அது வேறுபடும். நான் சேர்க்க விரும்புவது இரண்டு. முதலாவது, கையேடு கிலோமீட்டரோடு மாதத்தையும் குறிப்பிட்டிருக்கும், எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. இரண்டாவது, குறைந்த தூரம் ஓட்டுபவரின் வண்டியில் ஆயில் சீக்கிரம் கெடாது என்பது தவறு. தினமும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டும் போய் வருகிற வண்டியில் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதே இல்லை. எரியாத பெட்ரோலும் உள்ளே படியும் ஈரமும் ஆவியாகி வெளியேற வழியின்றி ஆயிலிலேயே கலந்து அதை நீர்க்கச் செய்கின்றன. ஒரே மூச்சில் 100 கிலோமீட்டர் ஓடுகிற வண்டியின் ஆயில் அதைவிட ஆரோக்கியமாக இருக்கும். புதிய வண்டியின் முதல் மாற்றத்தை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள், பாகங்கள் ஒன்றோடொன்று படிந்து பொருந்தும்போது உதிரும் உலோகத்தூள் அந்த ஆயிலில்தான் மிதக்கிறது.

ஆயிலைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது அளவில் காட்ட வேண்டும். கையேட்டில் சாதாரண மாற்றத்துக்கு ஓர் அளவும், ஃபில்டரோடு மாற்றினால் இன்னோர் அளவும், எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் வேறோர் அளவும் இருக்கும். கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு முதல் வேலைக்கு ஊற்றுவதால்தான் பல வண்டிகளில் ஆயில் மிதமிஞ்சிப் போகிறது. மிதமிஞ்சினால், பிஸ்டனோடு இணைந்து சுழலும் கிராங்க் அதை அடித்து நுரைக்க வைக்கும், மூச்சுக்குழாய் வழியாக ஆயில் ஏர் ஃபில்டருக்குள் போய் அதை நனைக்கும். குறைந்தால் கேடு இன்னும் பெரிது. பல சிறிய வண்டிகளில் எச்சரிக்கை விளக்குகூட இல்லை. எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி, அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, சமதரையில் வண்டியை நேராக நிறுத்திப் பார்க்க வேண்டும்; சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்க்கும் அளவு தவறானது. டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வெறுமனே வைத்துப் பார்க்க வேண்டுமா, திருகியா என்பது வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் திருகாமல்தான். வடிக்கும்போது எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கட்டும், டிரெய்ன் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், அலுமினியக் கூட்டின் மரை கழன்றுபோகும் அளவுக்கு அந்தப் போல்ட்டை முறுக்காதீர்கள். ஆயிலோடு கலக்கச் சொல்லி விற்கப்படும் சிறு புட்டிகளை நான் எந்த வண்டிக்கும் சொல்வதில்லை. உராய்வைக் குறைப்பதாகப் பெருமை பேசும் எதுவும் நனைந்த கிளட்ச்சுக்கு எதிரி.

மிச்சமாகும் ஆயில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாற்றியபின் டப்பாவில் நிற்கும் சிறிதளவை, மூடியை இறுக்கி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்துக்கொண்டால், அடுத்த மாற்றத்துக்கு முன் அளவு குறைந்தால் நிரப்ப அதுவே உதவும். அது கைவசம் இல்லாத இடத்தில் அளவு குறைந்துவிட்டால், வேறு கம்பெனி ஆயிலானாலும் அதே பாகுத்தன்மையும் எம்.ஏ. குறியும் இருந்தால் ஊற்றி ஓட்டலாம். மினரலும் சிந்தெடிக்கும் கலந்தால் கெட்டுப்போகும் என்ற பயம் தேவையில்லை, குறைவான ஆயிலில் ஓட்டுவதுதான் உண்மையான கேடு. காரில் மீந்ததைக் காருக்கே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வடித்தெடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், காலியான அதே டப்பாவில் ஊற்றி மூடி, பழைய ஆயிலைச் சேகரிக்கும் பணிமனையிடம் ஒப்படையுங்கள். மாற்றிய அன்று ஓடோமீட்டர் காட்டும் எண்ணையும் தேதியையும் டப்பாவின் தரக்குறிகளையும் ஒரு சிறு தாளில் எழுதி சீட்டுக்கு அடியில் கையேட்டோடு வைத்துவிட்டால், அடுத்த முறை மெக்கானிக் வேறு ஆயிலைச் சொல்லும்போது அந்தத் தாளைக் காட்டி இதையே ஊற்றுங்கள் என்று சொல்லலாம்.